மாடி அறைக்கு எந்தக் கல்? கன மீட்டர் ஒரு பதில் சொல்லும், சதுர மீட்டர் வேறு பதில் சொல்லும்

கீழ்வீடு பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்பு கட்டியது. இப்போது மேலே ஒரு அறை எடுக்க வேண்டும். மூன்று சுவர்கள் கீழ்ச்சுவரின் மேல் நேராக உட்கார்ந்துவிடும். நாலாவது சுவர் வர வேண்டிய இடத்துக்குக் கீழே ஹால். சுவரும் இல்லை, பீமும் இல்லை, வெறும் ஐந்து இன்ச் கான்கிரீட் தளம்தான். இந்த நாலாவது சுவரை எதால் கட்டுவது?

கடைத்தெருவில் நாலைந்து பதில் கிடைக்கும்: செங்கல், சாம்பல் கல் (அனல் மின் நிலையச் சாம்பலில் செய்தது), சாலிட் பிளாக் (ஓட்டையில்லாத கான்கிரீட் கல்), ஹாலோ பிளாக் (நடுவில் ஓட்டை விட்ட கான்கிரீட் கல்), ஏஏசி பிளாக் (உள்ளே நுண்ணிய காற்றுக் குமிழ்கள் உள்ள லேசான கல்). ஏஏசி விற்பவர் மட்டும் கையில் ஒரு எண்ணோடு வருவார். "செங்கல்ல மூணுல ஒரு பங்குதான் சார் வெயிட்." அவர் சொல்வது பொய் இல்லை. ஆனால் அது கன மீட்டருக்குச் சொல்லும் கணக்கு. தளத்தின் மேல் ஏறுவது பூசி முடித்த சுவர். அதன் கனத்தைச் சதுர மீட்டருக்குத்தான் கேட்க வேண்டும். கேட்டால் ஏஏசி சுவர் செங்கல் சுவரில் மூன்றில் ஒரு பங்கு இல்லை, கிட்டத்தட்டப் பாதிக் கனம் வந்துவிடுகிறது. அப்படியும் ஏஏசி நல்ல பதிலாக இருக்கலாம். எந்தச் சுவருக்கு என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் கன மீட்டர் கணக்கையே எடுத்துக்கொள்வோம். நிறையைக் கன அளவால் வகுத்தால் அடர்த்தி என்று பள்ளியிலேயே படித்தாயிற்று. காய்ந்த சேம்பர் (சேம்பர் சூளையில் சுட்ட) செங்கல் ஒன்றை மளிகைக்கடைத் தராசில் வையுங்கள். 2.9 கிலோ காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்கேலால் அளந்தால் நீளம் 22.5 செ.மீ., அகலம் 10.5, உயரம் 7. மூன்றையும் பெருக்கினால் சுமார் 1,654 கன சென்டிமீட்டர். 2,900 கிராமை அதால் வகுத்தால் 1.75 வரும். அதாவது கன மீட்டருக்கு 1,750 கிலோ.

மேல்பக்கத்தில் சூளைக்காரர் எழுத்துப் பதித்த குழி ஒன்று இருக்கிறதே, அதைக் கழிக்க வேண்டாமா? எதற்காகக் கணக்குப் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வெந்த மண் எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் கழிக்கத்தான் வேண்டும். குழியில் காய்ந்த மணலை நிரப்பி, மட்டமாக வழித்துவிட்டு, அந்த மணலை மருந்து அளக்கும் குவளையில் கொட்டினால் 40 மில்லி போல வரும். கழித்துப் போட்டால் அடர்த்தி 1.8க்குப் போகும். சுவரின் கனம் தெரிய வேண்டுமானால் கழிக்காதீர்கள். கட்டும்போது குழிக்குள் கலவை போய் நிறைந்துவிடும்.

ஹாலோ பிளாக்கில் இதே கேள்வி பெரிதாக வரும். 16 இன்ச் நீளம், 8 இன்ச் உயரம், 8 இன்ச் கனம் உள்ள ஒரு கல்லின் வெளி அளவு 16,000 கன சென்டிமீட்டர். எடை 20 கிலோ என்றால் அடர்த்தி 1,250. ஆனால் அதை உடைத்து ஒரு சில்லை மட்டும் அளந்தால் 2,200க்குப் பக்கத்தில் வரும், ஏனென்றால் அது கான்கிரீட். நடுவில் இருக்கும் ஓட்டைதான் கனத்தைக் குறைக்கிறது. இந்தியத் தர விதியான ஐ.எஸ். 2185இன் முதல் பாகம் இந்தக் கற்களைத் தரம் பிரிப்பது ஓட்டையையும் சேர்த்த மொத்தக் கன அளவை வைத்துத்தான். ஹாலோவில் ‘ஏ’ தரத்துக்குக் குறைந்தது 1,500 கிலோ, ‘பி’ தரத்துக்கு 1,100 முதல் 1,500 வரை, சாலிட் பிளாக்குக்கு 1,800க்குக் குறையக் கூடாது. விற்பவர் ஒரு எண் சொன்னால் ஓட்டையோடா, ஓட்டை இல்லாமலா என்று கேட்டுவிடுங்கள்.

ஏஏசியிலும் காற்றுதான் வேலை செய்கிறது, கண்ணுக்குச் சட்டென்று தெரியாத அளவில். சிமென்ட், சுண்ணாம்பு, அனல் மின் நிலையச் சாம்பல் அல்லது அரைத்த மணல், தண்ணீர் எல்லாம் சேர்ந்த குழம்பில் கொஞ்சம் அலுமினியப் பொடி போடுவார்கள். ஹைட்ரஜன் கிளம்பி, மாவு பொங்குவது போல அது பொங்கும். இறுகிய பிறகு கம்பியால் துண்டு போட்டு, 180 டிகிரிக்கு மேலான நீராவி அழுத்தத்தில் பல மணி நேரம் வேக வைப்பார்கள். 1920களில் சுவீடனில் யோஹான் ஆக்செல் எரிக்சன் என்ற கட்டடக் கலைஞர் உருவாக்கிய முறை இது. நம் ஊரில் அதிகம் விற்பது 551 முதல் 650 கிலோ வரையிலான ரகம். ஐ.எஸ். 2185 மூன்றாம் பாகத்தில் அதற்கு அழுத்த வலிமை முதல் தரத்துக்கு 4, இரண்டாம் தரத்துக்கு 3 நியூட்டன், சதுர மில்லிமீட்டருக்கு.

அந்த 600ஐச் சோதிக்கத் தராசே வேண்டாம், ஒரு வாளித் தண்ணீர் போதும். 10 செ.மீ. கனசதுரமாக ஒரு துண்டை அறுத்து (மரம் அறுக்கும் ரம்பமே அறுத்துவிடும்), தண்ணீர் புகாமல் பாலித்தீன் பையில் இறுக்கிச் சுற்றி, சாய்ந்துவிடாமல் பக்கவாட்டில் மட்டும் லேசாகப் பிடித்துக்கொண்டு மிதக்கவிடுங்கள். 6 செ.மீ. மூழ்கி 4 செ.மீ. வெளியே நின்றால் அடர்த்தி 600. எட்டு செ.மீ. மூழ்கினால் 800. அதற்குள் ஏமாற்று வேலை என்று முடிவு கட்ட வேண்டாம், கல் ஈரமாக இருக்கலாம். நீராவித் தொட்டியிலிருந்து வரும்போது ஏஏசி கல் தன் எடையில் கால்வாசிக்கும் மேல் ஈரத்தை வைத்திருக்கும். அட்டையில் எழுதியிருக்கும் 600 உலர்த்தி அளந்த எண். சைட்டில் வந்து இறங்குவதும் சுவரில் ஏறுவதும் அதைவிடக் கனமாகத்தான் இருக்கும். அதனால்தான் தளத்துக்குச் சுமை போடும்போது கலவையையும் ஈரத்தையும் சேர்த்து 750 என்று வைத்துக்கொள்வது நல்லது. செங்கல் சுவருக்கு இதே மாதிரி கலவையோடு 1,900 முதல் 2,000 வரை எடுப்பது வழக்கம். இங்கே 1,950 என்று வைத்துக்கொள்கிறேன்.

சரி, இனிச் சதுர மீட்டர். அடர்த்தியைச் சுவரின் தடிமனால் பெருக்க வேண்டும், அப்புறம் பூச்சைக் கூட்ட வேண்டும். அவ்வளவுதான். பூச்சு இரண்டு பக்கமும் 12 மில்லிமீட்டர் என்றால் மொத்தம் 24. சிமென்ட் பூச்சு கன மீட்டருக்கு 2,080 கிலோ. பெருக்கினால் சதுர மீட்டருக்கு 50 கிலோ.

நாலரை இன்ச் செங்கல் சுவருக்கு 0.11 மீட்டரை 1,950ஆல் பெருக்கினால் சுமார் 215. பூச்சோடு 265 கிலோ. ஒன்பது இன்ச் சுவர் பூச்சோடு 490. நாலு இன்ச் ஏஏசி 75, பூச்சோடு 125. எட்டு இன்ச் ஏஏசி 150, பூச்சோடு 200. பிளாக் சுவரை எண்ணிக்கையில் போடுவது சுலபம்: இணைப்புக் கலவையையும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 11.6 கல் பிடிக்கும். 17 கிலோ எடையுள்ள நாலு இன்ச் சாலிட் கல்லால் கட்டினால், கலவையும் பூச்சும் சேர்த்து 260 கிலோ. ஆறு இன்ச் சாலிட் 360. எட்டு இன்ச் ஹாலோ 310. சாம்பல் கல் அடர்த்தியில் செங்கல்லுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் சுமைக் கணக்கில் அதைத் தனியாகப் பார்க்க வேண்டியதில்லை. விலையும் வடிவ ஒழுங்கும்தான் அங்கே தீர்மானிக்கும்.

இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கன மீட்டருக்குப் பார்த்தால் சாலிட் பிளாக் (2,100க்கு மேல்) செங்கல்லைவிட நன்றாகவே கனம். நாலு இன்ச் சுவராக எழுப்பிவிட்டால் இரண்டும் ஒன்றுதான், 260க்கும் 265க்கும் என்ன வித்தியாசம்? அடர்த்தியில் கூடினதைத் தடிமனில் விட்டுக்கொடுத்துவிட்டது. இன்னொன்று பலருக்கும் நம்பிக்கை வராது: எட்டு இன்ச் ஏஏசி சுவர் நாலரை இன்ச் செங்கல் சுவரைவிட லேசு. பருமனைப் பார்த்துப் பயந்து, "தளத்து மேலே எட்டு இன்ச் வேண்டாம், செங்கல்லையே நாலரை இன்ச்சா வெச்சிடலாம்" என்று சொல்லும் மேஸ்திரிகள் உண்டு. கணக்கு அவர் பக்கம் இல்லை.

விற்பவரின் எண்ணுக்கு வருவோம். 600ஐ 1,750ஆல் வகுத்தால் மூன்றில் ஒன்று, சரிதான். ஆனால் 125ஐ 265ஆல் வகுத்தால் 47 சதவீதம். நடுவில் வந்து கெடுத்தது முக்கியமாகப் பூச்சுதான். நாலு இன்ச் ஏஏசி சுவரில் கல்லின் கனம் 75 என்றால் பூச்சின் கனம் 50. அதாவது ஐந்தில் இரண்டு பங்கு பூச்சு. கல்லை லேசாக்கிவிட்டுப் பூச்சைப் பழையபடி அப்பினால் கொடுத்த காசில் பாதி வீண். ஏஏசியின் முகம் மட்டமாக இருக்கும் என்பதால் இரண்டு பக்கமும் 8 மில்லியில் பூச்சை முடிக்கலாம். 17 கிலோ குறையும். கொத்தனாரிடம் முன்னாலேயே பேசிவிட வேண்டிய விஷயம் இது. கட்டும்போது தூக்கு சரியாக இல்லையென்றால் கோணலைப் பூச்சில்தான் சரிக்கட்டுவார், 8 மில்லி 20 மில்லியாகும், கணக்கு போன இடம் தெரியாது.

இப்போது அந்த ஹாலுக்கு மேலே வருவோம். சுவர் உயரம் 3 மீட்டர், நீளம் 12 அடி. நாலரை இன்ச் செங்கல்லில் ஒரு மீட்டர் ஓட்டத்துக்கு 795 கிலோ; மொத்தச் சுவர் 2.9 டன். நாலு இன்ச் ஏஏசியில் மீட்டருக்கு 375 கிலோ, மொத்தம் 1.4 டன் கூட இல்லை. ஒன்றரை டன் வித்தியாசம். வீட்டுத் தளத்துக்கு ஆள், கட்டில், பீரோ எல்லாம் சேர்த்து ஐ.எஸ். 875 எடுக்கச் சொல்லும் சுமை சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோதான். அதாவது செங்கல் சுவரின் ஒவ்வொரு மீட்டரும் நாலு சதுர மீட்டர் தளத்துக்கான மொத்த அனுமதியைத் தன் காலடியில் ஒரு கோடாக வாங்கிக்கொள்கிறது. ஏஏசியும் இரண்டு சதுர மீட்டர் அனுமதியைத் தின்னத்தான் செய்யும். அதனால் "லேசான கல்தானே" என்று எங்கு வேண்டுமானாலும் எழுப்பிவிட முடியாது. தளத்துக் கம்பி எந்தத் திசையில் ஓடுகிறது, சுவர் எந்தத் திசையில் நிற்கிறது, அடியில் புதிதாக ஒரு பீம் கொடுக்க வேண்டுமா என்பதைப் பொறியாளர் வந்து பார்க்க வேண்டும். பழைய வீட்டில் வரைபடம் கிடைக்காது என்பதால் இது இன்னும் அவசியம்.

மாடித் தளத்தின் மேல் பழைய செங்கல் ஜல்லி சுண்ணாம்புச் சுர்க்கியும் தட்டோடும் இருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள். சராசரி நாலு இன்ச் கனத்துக்கு அதுவே சதுர மீட்டருக்கு 190 கிலோ போல வரும். புது அறைக்குள் வரும் பகுதியில் அதைக் கொத்தி எடுத்துவிட்டால், சுவருக்கான இடத்தைத் தளமே திருப்பிக் கொடுத்த மாதிரி. கொத்தி எடுக்கும் கூலியைப் பார்த்து அதன் மேலேயே டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் கல்லை மாற்றி மிச்சம் பிடிப்பதைவிட இது பெரிய மிச்சம்.

சுமை மட்டுமே கேள்வியாக இருந்தால் ஏஏசி என்று சொல்லி இங்கேயே முடித்துவிடலாம். சத்தம் என்று ஒன்று இருக்கிறதே. ஒரு சுவர் சத்தத்தை எவ்வளவு தடுக்கும் என்பது பெரும்பாலும் அதன் சதுர மீட்டர் கனத்தைப் பொறுத்தது. கனம் இரண்டு மடங்கானால் சுமார் 6 டெசிபல் கூடுதலாகத் தடுக்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. 265 கிலோச் செங்கல் சுவருக்குப் பக்கத்தில் 125 கிலோ ஏஏசி அந்த 6 டெசிபலை இழக்கிறது. பிள்ளைகள் படிக்கும் அறைக்கும் டிவி இருக்கும் அறைக்கும் நடுவில் வரும் சுவர் என்றால் உணர முடிகிற வித்தியாசம். தளத்துக்கு எது நல்லதோ அது காதுக்குக் கெட்டது, இரண்டுக்கும் எண் ஒன்றேதான்.

வெயில் விஷயத்தில் இரண்டு கணக்கும் தேவைப்படும். பகலில் வெப்பம் சுவரைத் தாண்டி உள்ளே வருவதைத் தடுப்பது உள்ளே அடைபட்ட காற்று. அது கன மீட்டர் அடர்த்தியோடு போகிற குணம். எட்டு இன்ச் ஏஏசி ஒன்பது இன்ச் செங்கல்லைவிட மூன்று மடங்குக்கு மேல் வெப்பத்தைத் தடுக்கும். ராத்திரியில் நடப்பது வேறு. பகலெல்லாம் வாங்கிய சூட்டைச் சுவர் எவ்வளவு தேக்கி வைத்திருக்கிறது என்பது சதுர மீட்டர் கனத்தைப் பொறுத்தது. 490 கிலோச் செங்கல் சுவர் 200 கிலோ ஏஏசியைப் போல இரண்டு மடங்குச் சூட்டை வைத்துக்கொண்டு, பத்து மணிக்கு மேல் அறைக்குள் விட்டுக்கொண்டிருக்கும். மாடி அறையில் மேற்குச் சுவரோரம் கட்டில் போட்டுப் படுத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கூரையைத் தாங்காத சுவராக இருந்தால், மேற்குச் சுவர் ஒன்றை மட்டும் எட்டு இன்ச் ஏஏசியில் கட்டி, மற்றதைச் செங்கல்லில் கட்டுவது அபத்தமாகத் தோன்றினாலும் நியாயமான முடிவுதான். இரண்டும் சேரும் மூலையில் விரிசல் வராமல் வலை வைத்துப் பூச வேண்டும்.

லாரி வாடகையில் கன மீட்டர் ஜெயிக்கும். 9 டன் ஏற்றும் வண்டியில் செங்கல் 3,000 வரும். வண்டியின் தொட்டி நிறைவதற்கு முன்பே எடை நிறைந்துவிடும். நாலரை இன்ச் சுவருக்குச் சதுர அடிக்கு ஐந்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும் என்பதால், அந்த ஒரு லோடில் சுமார் 600 சதுர அடிச் சுவர். அதே 9 டன்னுக்கு நாலு இன்ச் ஏஏசி 1,000 கல், சுமார் 1,290 சதுர அடிச் சுவர். ஆனால் அது 12 கன மீட்டர் இடம் கேட்கும். தொட்டி சின்னதென்றால் எடைக்கு முன்பே இடம் தீர்ந்துவிடும். தூரத்துத் தொழிற்சாலையிலிருந்து ஒரே ஒரு அறைக்காக அரை லோடு வரவழைத்தால் வாடகையே கல்லின் விலையைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். விலையைக் கல்லுக்கு இவ்வளவு என்று ஒப்பிடாதீர்கள், கன மீட்டருக்கு இவ்வளவு என்றும் ஒப்பிடாதீர்கள். இறக்கிய விலையைச் சதுர அடிக்குப் பிடிக்கும் கல்லின் எண்ணிக்கையால் பெருக்கி, கலவை அல்லது பசை, பூச்சு, கூலி சேர்த்துச் சதுர அடிச் சுவருக்கு எவ்வளவு என்று பாருங்கள். இடத்துக்கு இடம் பதில் மாறும். சூளை பக்கத்தில் இருக்கும் ஊரில் ஒரு பதில் வரும், மேட்டூர், தூத்துக்குடி, எண்ணூர் போல அனல் மின் நிலையச் சாம்பல் கிடைக்கும் ஊரில் வேறு பதில் வரும்.

லேசான கல் தரும் தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். ஏஏசி ஓரங்கள் பொரிந்துபோகும். சாதாரண ஆணி அதில் பிடிக்காது. கீசர், அலமாரி, டிவி மாட்டத் தனி ஆங்கர் வேண்டும். தண்ணீரை உறிஞ்சும் என்பதால் குளியலறைக்கு நான் செங்கல்லையோ சாலிட் பிளாக்கையோதான் சொல்வேன், தளத்து மட்டத்துக்குக் கீழே ஏஏசி வேண்டவே வேண்டாம். பீமுக்கு அடியில் போய்ச் சேரும் வரிசையை முட்டக் கட்டினால் பின்னால் கோடு விழும். அப்புறம், நம் கொத்தனார்களுக்குக் கல்லைக் கண்டால் தண்ணீர் ஊற்றும் பழக்கம். செங்கல்லுக்கு அது சரி. நனைக்காத செங்கல் கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடும். ஏஏசியைத் தொட்டியில் போட்டு ஊறவைத்தால் கனமும் ஏறும், பிறகு காயும்போது சுருங்கிப் பூச்சில் விரிசல் விடும். முகத்தைத் துணியால் ஈரமாக்கினால் போதும்.

அந்த மாடி அறைக்கு என் கணக்கு இதுதான். கீழ்ச்சுவரின் மேல் உட்காரும் சுவர்களில் கூரைத் தளம் ஏறப்போகிறது, தாங்கும் சுவர்கள் அவை. ஒன்பது இன்ச் செங்கல் அல்லது சாம்பல் கல். அடியில் இருக்கும் சுவரும் அஸ்திவாரமும் அதற்கு இடம் கொடுக்குமா என்று மட்டும் பார்க்க வேண்டும். மூன்று மீட்டர் உயரத்துக்கு மீட்டருக்கு ஒன்றரை டன் கூடுகிறது. பில்லர், பீம் வைத்துக் கட்டிய வீடாக இருந்து, சுவர் வெறும் அடைப்புத்தான் என்றால் எல்லாவற்றையும் எட்டு இன்ச் ஏஏசியில் போடத் தயங்க மாட்டேன். ஹாலுக்கு மேலே வரும் நாலாவது சுவர் எப்படிப் பார்த்தாலும் நாலு இன்ச் ஏஏசி, 8 மில்லிப் பூச்சு, பொறியாளர் சொன்னால் அடியில் பீம். கூரையை அதன் மேல் உட்கார வைக்கக் கூடாது. ஹாலோ பிளாக் 310 கிலோவோடு இந்தப் போட்டியில் எங்கும் பொருந்தவில்லை. மொட்டைமாடியில் கைப்பிடிச் சுவர் எடுக்கிறவர்கள் நாலு இன்ச் சாலிட்டில் கட்டுவார்கள். மூன்றரை அடி உயரத்துக்கு அது மீட்டருக்கு 280 கிலோ, கீழே சுவர் இருக்கும் ஓரத்தில் நிற்பதால் கவலை இல்லை. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனி நுனியில் அதையே எழுப்புவதாக இருந்தால், அங்கே எந்தக் கல்லும் வேண்டாம், கம்பிக் கிராதியே போதும்.